ஓட்டைக்குப் பன்னிரண்டு சொற்கள்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். டியூஷன் நடந்த தகரக் கொட்டகையின் இரும்புத் தூணில் ஒரு கடிகாரத்தைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கண்ணாடிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து பழுப்பாக ஒரு கறை படிந்திருக்கும். பெரிய முள் இரண்டில் நின்றபோது நான் என் தங்கையை அறைந்தேன். கன்னத்தில்தான் அறையச் சொன்னார்கள். கை கன்னத்தில் விழவில்லை.

எனக்கு அப்போது பதினொன்று. அவளுக்கு எட்டு. இன்று எனக்கு நாற்பத்தேழு. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இந்த வயதுதான் இருக்கும். படிக்கக் கண்ணாடி தேட ஆரம்பித்திருப்பீர்கள், பிள்ளைகள் நம்மைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டுப் பேசாமல் இருப்பீர்கள். நாம் எல்லோரும் அந்த மாதிரி ஒரு டியூஷனுக்குப் போனவர்கள்தான். அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியில் அந்தக் கொட்டகை இருந்தது. டியூஷன் சார் எம்.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் பாதி சாக்பீஸ். நல்ல மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. "எங்கிட்ட பிரம்பே கிடையாது. இந்தக் கையால ஒரு பிள்ளையத் தொட்டதில்ல" என்று அப்பாவிடம் அவர் சொன்னது உண்மை. அவர் யாரையும் தொட்டதில்லை. நாங்கள்தான் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டோம்.

முறை இதுதான். சார் ஒரு சொல்லைச் சொல்வார். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக அர்த்தம் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறாரோ அவர் எழுந்துபோய், நிற்கிற எல்லோருக்கும் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். மெதுவாகக் கொடுத்தால், எப்படிக் கொடுப்பது என்று நிற்கிறவர் நமக்குக் கொடுத்துக் காட்டுவார். உங்கள் பள்ளியில் இது குட்டாக இருந்திருக்கலாம், அல்லது மூக்கைப் பிடித்துத் திருப்புவதாக. நாங்கள் இதை ஒரு விளையாட்டு போலத்தான் விளையாடினோம். அடிப்பவனும் சிரிப்பான், வாங்குபவனும் சிரிப்பான். ஒரு பெற்றோரும் வந்து கேட்டதில்லை.

சார் சொற்களைக் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுப்பார். ஒரு வாரம் விலங்குகள் போடும் சத்தங்கள். அடுத்த வாரம் நடையின் வகைகள். தீபாவளிக்கு முந்தைய அந்த மழை வாரத்தில் ஓட்டைகள். பலகையில் பன்னிரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப்போட்டார். ஹோல், ஓட்டை. பிட், குழி. கேப், இடைவெளி. க்ராக், விரிசல். லீக் என்று எழுதும்போது தகரக் கூரையிலிருந்து அவர் தோளில் சொட்டியது. அண்ணாந்து பார்த்து, "இந்தா, இதுக்குப் பேருதான் லீக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஸ்லாட் என்பது உண்டியலில் காசு போடுகிற வாய். வென்ட், புகை போகிற வழி. போர் என்றால் வியர்வை வருகிற துளை. நாங்கள் முழங்கையை மூக்கருகே கொண்டுவந்து தேடிப் பார்த்தோம். பரோ, எலி வளை. டனல், பஞ்சர்.

கடைசிச் சொல் பர்ஃபரேஷன். "வரிசையாப் போட்ட சின்னச் சின்ன ஓட்டை" என்று சார் சொன்னார். அந்தச் சொல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், சோழவந்தான் ரூட். வீட்டில் கடைசி டிக்கெட் கிழியாமல் மிஞ்சிய டிக்கெட் கட்டுகளின் அடிக்கட்டைகள் கிடக்கும். மறுநாள் காலை அதில் ஒன்றை எடுத்துத் தங்கையிடம் காட்டினேன்.

"இந்தா பாரு, இங்க வரிசையா ஓட்டை இருக்குல்ல? இதான் பர்ஃபரேஷன். ஓட்டை இருக்கிறதாலதான் அப்பா இழுத்தா நேராக் கிழியுது."

"ஓட்டை இல்லேன்னா?"

"கோணயாக் கிழியும்."

"அப்ப கிழியுறதுக்குன்னே ஓட்டை போடுறாங்களா?" என்று கேட்டு, அடிக்கட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்தத் துளைகள் வழியாக என்னைப் பார்த்தாள். அவள் கண்மேல் வரிசையாகப் புள்ளி வெளிச்சம் விழுந்தது. அவள் முகத்தில் இன்றும் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

அன்று மாலை சார் பன்னிரண்டாவது சொல்லைக் கேட்டார். முன்வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது என் தங்கை. காலையில் சொல்லிக்கொடுத்தது. அவள் எழுந்து கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், நின்றுகொண்டே இருந்தாள். அடுத்து நான். சொன்னேன். எழுந்து போய் ஐந்து பேருக்கும் கொடுத்துவிட்டு அவள் முன்னால் வந்தேன். கன்னத்தில் விரல் நுனியால் தட்டினேன். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "மாப்ள, பவுடர் போட்டு விடுறியாடா?" என்றான்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சாரும் சிரித்தார். "இது அடியா? பாப்பா, நீ அண்ணனுக்குக் குடுத்துக் காட்டு, எப்படிக் குடுக்கணும்னு."

அவள் சிரித்துக்கொண்டே கையை ஓங்கினாள். அவள் கொடுப்பதற்குள் நான் கொடுத்தேன்.

சார் சொன்னதால் அடித்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை. காலையில் சொல்லிக்கொடுத்ததை மாலைக்குள் மறந்துவிட்டாளே என்ற கோபம் இருந்தது. எல்லோரும் சிரித்தார்களே என்றும் இருந்தது. எனக்கு இடது கைப் பழக்கம். கை விரியவில்லை, தண்ணீர் அள்ளுவதுபோல் குழிந்திருந்தது. அவள் வலது காதை அப்படியே மூடியதுபோல் விழுந்தது. சத்தம்கூட பெரிதாக இல்லை.

அவள் அழவில்லை. உட்கார்ந்துகொண்டாள். சார் அடுத்த சொற்குடும்பத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மழைத்தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டித் தாண்டி வந்தோம். "அண்ணே, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றாள்.

"சரியாப் போயிரும். அம்மாட்டச் சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத. விசிலத் தாரேன்."

அப்பாவின் பழைய கண்டக்டர் விசில் என்னிடம் இருந்தது. உள்ளே ஒரு தக்கை உருண்டை உருளும். முதலில் எச்சில் வாடை அடிக்கும், அப்புறம் இரும்பு வாடை. மூன்று மாதமாகக் கேட்டும் நான் தராதது. வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த அடியைப் பற்றி யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அந்த வாரமெல்லாம் விசில் சத்தம்தான். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஊதுவாள். அப்புறம் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு ஊதுவாள். "பிள்ளையா பேயா, தலை வலிக்குது" என்று அம்மா விசிலைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தார். இரண்டு நாளில் அது மறுபடி அவள் கையில் இருந்தது. அவள் என்ன செய்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிய நாலைந்து வருடம் ஆயிற்று.

நான்கைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து பல், கண், காது எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இளம் வயது டாக்டர் ஒருவர் தங்கையின் காதுக்குள் பார்த்துவிட்டு, மறுபடி பார்த்து, அட்டையில் ஏதோ எழுதினார். "அம்மாவ வரச் சொல்லும்மா" என்றாராம். எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். பின்னால் இன்னும் நூறு பிள்ளைகள் நின்றார்கள்.

சாயங்காலம் பெல் அடித்ததும் எங்கள் இருவர் அட்டையையும் டீச்சர் என் கையில் கொடுத்தார். "வீட்டுல காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வா." மஞ்சள் அட்டை. மழையில் நனைந்துவிடக் கூடாதென்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு கடை வாசலில் ஒதுங்கி எடுத்துப் பார்த்தேன். என் அட்டையில் ஒன்றும் இல்லை. அவள் அட்டையில் இரண்டு வரி. டாக்டர் கையெழுத்து. பாதி படிக்க முடியவில்லை. ரைட் என்று இருந்தது. இயர் என்று இருந்தது. அடுத்த சொல்லை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, அதை முழுசாக அடையாளம் தெரிந்தது. ஒரு வாரத்துக்கு முன் பலகையில் பன்னிரண்டாவதாக இருந்த சொல். இரண்டாவது வரியில் வாட்டர். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல். இரண்டே எழுத்து. அது நோ என்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா தமிழ் மட்டும் படிப்பார். அப்பா ஊர்ப் பெயர்களையும் எண்களையும் படிப்பார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்காகத்தானே டியூஷன்.

"என்ன எழுதியிருக்கு, தம்பி?" அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமல் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லயாம்."

"பாப்பாவுக்கு?"

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து விசில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கையெழுத்து படிக்க வராது. ஓட்டை என்று சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான் சொன்னேன்:

"காதுல குறும்பி சேந்திருக்காம்."

"அதான பாத்தேன்! கூப்புட்டாத் திரும்பவே மாட்டேங்குறா. ஏண்டி, காதக் கழுவுறதே இல்லையா?"

அதன் பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் அன்பில் நடந்தது. குறும்பிக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார். நல்லெண்ணெயில் பூண்டுப் பல் தட்டிப்போட்டுக் காய்ச்சி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, தங்கையை மடியில் சாய்த்து வலது காதில் ஊற்றினார். மூன்று நாள் ஊற்றினார். அவள் துள்ளினாள். "குறும்பி இளகுது, அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க தங்கம்" என்று காலால் அவள் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்னையும் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். பூண்டு வதங்குகிற மணம் வந்தால் இப்போதும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். என் மனைவி அதை ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டார். டீச்சர், கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மற்ற அட்டைகளோடு சேர்த்துவிட்டார்.

பிறகு தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார்கள். அண்டாவிலிருந்து சொம்பு சொம்பாக. விடிந்ததும் தெருவில் வெடி. தங்கை வலது கையில் ஊதுபத்தி பிடித்து, இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, குனிந்து திரியைப் பற்றவைத்தாள். வெடித்ததும் பின்வாங்கக்கூட இல்லை. எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று கைதட்டினார்.

"ஏத்தா, ஒம் மகளப் பாரு! ஒத்தக் காதப் பொத்திக்கிட்டே எம்புட்டு வெடி போடுறா! எம் மயன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உள்ள ஓடுறான்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அது எம் புள்ள. அதுக்கெல்லாம் பயமே கெடையாது" என்று இன்னொரு கட்டு வெடி வாங்கிக்கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்து சிவந்திருந்தது. அதைக்கூடக் கீழே போடவில்லை.

கார்த்திகையில் காதிலிருந்து சீழ் வடிந்தது. தலையணையில் மஞ்சளாக. வாடை. பஞ்சு அடைத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பிள்ளைகள் பஞ்சுக்காதி என்றார்கள். காய்ச்சல் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே வயதான காது டாக்டர் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "எண்ணெய் ஊத்துனியா?"

"குறும்பின்னு சொன்னாங்கய்யா."

"யாரு சொன்னா? சூடா எண்ணெய ஊத்தித் தலைக்கும் தண்ணி ஊத்துனா காது என்னத்துக்கு ஆகும்? நீதாம்மா கெடுத்துட்ட."

யார் சொன்னது என்று அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. டாக்டர் எழுதியதைத்தான் பிள்ளை படித்தான், அந்தக் கேம்ப் டாக்டர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்திருக்கலாம். அல்லது டாக்டர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம். அதன் பிறகு வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அப்பா சொல்வார்: "ஒங் கையாலதான் புள்ளை காது போச்சு." எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் வாங்குவது நின்றது. ஏழு வருடத்துக்கு முன் அம்மா இறந்தார். கடைசி வாரத்தில்கூடத் தங்கை வந்து உட்கார்ந்தபோது அவள் வலது காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தங்கைக்கு அந்த அடி தெரியும். வாங்கியவள் அவள்தானே. அந்த அட்டை தெரியாது.

நான் சொல்ல முயலாமல் இல்லை. மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை டவுன் பஸ்ஸில், அவள் பத்தாவது படிக்கும்போது. ஒருமுறை அவள் கல்யாணத்தன்று, மணவறைக்கு அழைத்துப் போகிற வழியில். ஒருமுறை அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தபோது. மூன்று தடவையும் அவளுக்கு வலப்பக்கம் நின்று, வலது காதருகே குனிந்து, "அட்டையில குறும்பின்னு எழுதலம்மா" என்று சொன்னேன். அவள் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவளோடு பேச இடப்பக்கம் போய்விடுவோம். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது பழக்கம்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குப் போன ஞாயிறுதான் காரணம்.

நான் விளாங்குடியில் இருக்கிறேன். தாமதமாகக் கல்யாணம் ஆனவன், ஒரே மகள், ஒன்பது வயது. அன்று காலை அவள் பள்ளியில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மேலே பெரிதாக ஓப்பனிங்ஸ் என்று போட்டு, கீழே படங்கள். கதவு, குகை, சாவித்துவாரம், எலி வளை, தபால்தலை. "அப்பா, பர்ஃபரேஷன்னா என்னப்பா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

போனில் தேடி அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். பதினொரு மணி வாக்கில் பக்கத்து வீட்டுக் குட்டியை உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்கு ஐந்து வயது. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மீனிங் சொல்லு. சொல்ல மாட்ட? கன்னத்தக் காட்டு" என்று மகள் சொல்வது கேட்டது. பிறகு அந்தச் சத்தம்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். என்ன கத்தினேன் என்றும் தெரியவில்லை. "மிஸ் விளையாட்டுப்பா, சும்மாதாம்ப்பா" என்று அவள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்து அதன் வலது காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினேன். இடது காதுக்குப் பின்னால் சொடுக்கினேன். மறுபடி வலது.

"பூச்சி புடிக்கிறீங்களா அங்கிள்?" என்று அது கேட்டது.

அதற்குக் கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது.

அதன் பிறகு ஐந்து நாள் நான் சரியாகப் பேசவில்லை. அலுவலகம் போனேன், வந்தேன். மகள் என் பக்கத்தில் வரப் பயந்தாள். அவள் தூங்கியபின் மணிக்கட்டில் என் விரல் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ பொறந்ததுல இருந்து நானும் பாக்குறேன். புள்ளைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு கரண்டியக் கீழ போடுறீங்க, தட்டக் கீழ போடுறீங்க. கேட்டா கை நழுவிருச்சுங்குறீங்க. என்னன்னு எங்கிட்டச் சொல்லாட்டிப் போகுது, ஒங்க தங்கச்சிட்டயாவது சொல்லுங்க. நான் வரச் சொல்லிட்டேன்."

நேற்று, சனிக்கிழமை, பதினொன்றரைக்குத் தங்கை சோழவந்தானிலிருந்து வந்தாள். அவள் புகுந்த வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, பையில் நாலு தேங்காய். என் மகளைப் பார்த்ததும், "என்னடி மருமகளே, அடிக்கிற டீச்சராமே நீ?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். மகள் ஓடிப்போய், பழக்கப்படி, அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

காபி குடித்தோம். மனைவி மகளை அழைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். வேண்டுமென்றே கிளம்பினாள் என்று தெரிந்தது. தங்கை நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. அம்மா மாதிரியே இருந்தாள்.

எழுந்து போனேன். கால் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. அவள் நாற்காலிக்கு வலப்பக்கம் நின்று, குனிந்து, நான்காவது தடவையாகச் சொன்னேன். அட்டையில் என்ன எழுதியிருந்தது, எனக்கு என்ன சொற்கள் தெரிந்திருந்தன, அம்மாவிடம் என்ன சொன்னேன், எல்லாம்.

அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். வெற்றிலையை மடியில் வைத்தாள். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"அந்தக் காதுல நீ சொல்றது வெறும் மூச்சாத்தாண்ணே வருது. மூணு தடவ வந்துருச்சு, இது நாலு. இந்தப் பக்கம் வந்து சொல்லு."